புது என்ஜின் வாங்கியும் வண்டி ஏன் வேகம் எடுப்பதில்லை? ஓப்பன் டி.டி.டி. விளையாட்டில் பாதையும் வேகமும்

பள்ளி விடுமுறைக்கு அக்கா மகன் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்கு வந்திருந்தான். எங்கள் ஊரில் பிற்பகலில் மழை பிடித்துக்கொண்டால் லேசில் விடாது. பந்தை மூலையில் போட்டுவிட்டு மடிக்கணினியோடு உட்கார்ந்தவன், ஒரு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டான்.

"மாமா, இருந்த காசெல்லாம் போட்டுப் புது என்ஜின் வாங்கிட்டேன். பழசு மாதிரியேதான் ஊருது."

போய்ப் பார்த்தேன். மணிக்கு 112 கிலோமீட்டர் ஓடக்கூடிய ஜூபிலி நீராவி என்ஜின், பின்னால் ஏழு நிலக்கரிப் பெட்டிகள். வண்டியின் சன்னலில் கீழ்ப்பட்டையில் வேகம் ஓடிக்கொண்டிருந்தது. நேர்ப்பாதையில் 95, 100 என்று ஏறும். நிலக்கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்து வளைவில் 88-க்கு இறங்கும். மூச்சு வாங்கி மறுபடி ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். என்ஜினில் குறையே இல்லை. அவன் பணம் போட்ட இடம்தான் தவறு.

அன்று அவனுக்குச் சொன்னதை, இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருகிற எல்லாருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓப்பன் டி.டி.டி. இலவசமாகக் கிடைக்கும் போக்குவரத்து விளையாட்டு. கிறிஸ் சாயர் உருவாக்கி 1995-இல் வெளிவந்த டிரான்ஸ்போர்ட் டைக்கூன் டீலக்ஸைப் பின்பற்றி, 2004 முதல் ஆர்வலர்கள் வளர்த்து வருவது. பழைய கணினியிலும் ஓடும். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே விதி

என்ஜினுக்கு ஒரு வேகம் உண்டு. பெட்டிக்கு ஒன்று இருக்கலாம். பாதைக்கு, பாலத்துக்கு, வளைவுக்கு என்று தனித்தனியாக இருக்கலாம். வண்டி இவற்றில் எது மிகச் சிறியதோ அதற்குத்தான் கட்டுப்படும். கூட்டிப் பார்ப்பதோ சராசரி எடுப்பதோ இல்லை. அதனால் காசு செலவழிக்கும் முன்பு "இந்தத் தடத்தில் மிகச் சின்ன எண் எது?" என்று தேட வேண்டும். அது கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

பாதை வகைகளும் அவற்றின் வேகமும்

விளையாட்டோடு வரும் பாதைகள் நான்கு: சாதாரண ரயில் பாதை, மின்பாதை, மோனோரயில், மேக்லெவ் எனப்படும் காந்தப்பாதை. புதியவர்கள் பலர் நினைப்பது என்னவென்றால், சாதாரணப் பாதைக்கு ஒரு உச்ச வேகம், மின்பாதைக்கு அதைவிடக் கூட, மோனோரயிலுக்கு இன்னும் கூட என்று. அப்படி இல்லை. இந்த நான்கில் எதற்கும் நேர்ப்பாதையில் வேக வரம்பே கிடையாது. சாதாரணப் பாதையைப் பிடுங்கிவிட்டு மின்கம்பி போட்டால் உங்கள் டீசல் வண்டி ஒரு கிலோமீட்டர்கூடக் கூடுதலாக ஓடாது. கம்பி போடுவதன் பயன் மின்சார என்ஜினை ஓட்ட முடிவது மட்டுமே.

எது எதில் ஓடும் என்பதையும் நினைவில் வையுங்கள். நீராவி, டீசல் வண்டிகள் சாதாரணப் பாதையிலும் ஓடும், மின்பாதையிலும் ஓடும். மின்சார என்ஜினுக்குக் கம்பி வேண்டும். மோனோரயில், மேக்லெவ் வண்டிகள் தங்கள் பாதையை விட்டு வேறு எதிலும் ஏறாது.

அப்படியானால் "இந்தப் பாதையில் இவ்வளவுதான்" என்று வரம்பு வைத்து விளையாட முடியாதா? முடியும். அதற்குக் கூடுதல் பாதைத் தொகுப்புகள் இருக்கின்றன. விளையாட்டில் அவற்றுக்கு நியூ ஜி.ஆர்.எஃப். என்று பெயர். முதன்மைப் பட்டியலில் இணையத்திலிருந்து இறக்கும் பகுதிக்குள் போய்த் தேடினால் வரும். நூட்ராக்ஸ் என்ற தொகுப்பில் வெவ்வேறு வேக வரம்புள்ள பாதைகள் உண்டு. இறக்கியபின் நியூ ஜி.ஆர்.எஃப். அமைப்பில் அதைச் சேர்த்துவிட்டுப் புது ஆட்டம் தொடங்குங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தின் நடுவில் சேர்க்க வேண்டாம், ஆட்டமே கெட்டுப்போகலாம்.

சேர்த்தது சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மேல்பட்டையில் தண்டவாளப் படமுள்ள பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். பாதை வகைகள் வரிசையாக இறங்கும். வரம்புள்ள பாதையாக இருந்தால் பெயருக்குப் பக்கத்திலேயே அதன் வேகம் எழுதியிருக்கும். எண் இல்லையென்றால் அந்தப் பாதைக்கு வரம்பில்லை.

நான் இப்படி விளையாடுவதையே விரும்புகிறேன், அதற்குக் காரணம் எங்கள் ஊர்தான். நம் மலேசிய ரயில்வேயின் (கே.டி.எம்.) தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். சுங்கை சிப்புட் ஸ்டேஷனைக் கடக்கும் இ.டி.எஸ். வண்டி மின்பாதையில் மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடுகிறது. அதே மீட்டர் அகலத்தில் கிம்மாசிலிருந்து தும்பாட் போகும் கிழக்குக் கரைத் தடமோ ஒற்றைப் பாதை, டீசல் வண்டி, காட்டுக்கு நடுவே நிதானமான பயணம். கீழ்ப் பேராக்கின் சில செம்பனைத் தோட்டங்களில் அதைவிடக் குறுகிய தண்டவாளத்தில் குலைக் கூண்டுகளை இழுத்துக்கொண்டு சின்ன என்ஜின் ஆலைக்குப் போகும். மூன்றும் ரயில்தான், மூன்றும் மூன்று வேகம். வரம்புள்ள பாதைத் தொகுப்பைப் போட்டால் இந்த வித்தியாசத்தைத் திரையிலும் கொண்டுவரலாம். பட்டணங்களுக்கு இடையே வேகப் பாதை, தோட்டத்திலிருந்து ஆலைக்கு மெதுவான மலிவுப் பாதை என்று பிரித்துப் போடும்போது தரையிலுள்ள ஒவ்வொரு சதுரக் கட்டத்துக்கும் யோசித்துச் செலவழிப்பீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மெதுவான பாதை ஒரே ஒரு கட்டம் நடுவில் தப்பிக் கிடந்தாலும் முழு வண்டியும் அந்த வேகத்துக்கு இறங்கும். என்ஜின் தாண்டினால் போதாது; கடைசிப் பெட்டி அந்தக் கட்டத்தை விட்டு நகரும்வரை வரம்பு பிடித்திருக்கும். நீள வண்டிக்கு இது பெரிய இழப்பு. பாதையை மாற்றும் கருவியால் பழைய தடத்தை இழுத்து மாற்றும்போது சந்திப்புகளிலும் ஸ்டேஷன் வாயிலிலும் ஒன்றிரண்டு கட்டம் விடுபடும். அங்கேதான் தேட வேண்டும்.

தேடுவது எப்படி

மேல்பட்டையின் கடைசிப் பக்கம் கேள்விக்குறிப் பொத்தான் இருக்கும். அதில் முதலில் வரும் நிலத் தகவல் கருவியை எடுத்துக்கொண்டு, சந்தேகப்படும் தண்டவாளக் கட்டத்தில் சொடுக்குங்கள். திறக்கும் சிறு சன்னலில் பாதையின் வகை இருக்கும். வரம்பு இருந்தால் அதற்கென்று ஒரு வரி வரும். பாலத்தின்மேல் சொடுக்கினால் பாலத்தின் வரம்பையும் கணக்கில் எடுத்துச் சொல்லும்.

அடுத்து வண்டியின் விவரச் சன்னலைத் திறந்து பாருங்கள். முழு வண்டிக்கும் உரிய உச்ச வேகம் அங்கே இருக்கும். என்ஜின் கடையில் பார்த்த எண்ணைவிட இது குறைவாக இருந்தால் பெட்டிகள்தான் காரணம். விளையாட்டோடு வரும் பெட்டிகளால் இந்தத் தொல்லை இல்லை. இறக்கிச் சேர்க்கும் வண்டித் தொகுப்புகளில் பழைய சரக்குப் பெட்டிகளுக்கு வரம்பு வைத்திருப்பார்கள். ஒரு பழைய பெட்டி போதும், முழு வண்டியையும் இழுத்துப் பிடிக்க.

இவை இரண்டிலும் குறை தெரியவில்லையா? அப்படியானால் வண்டிச் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு முழுச் சுற்று பாருங்கள். கண்ணை வேக எண்ணிலேயே வையுங்கள். எந்த இடத்தில் இறங்குகிறதோ அங்கே ஒரு பெயர்ப்பலகை நட்டுவிட்டுத் தொடர்ந்து பாருங்கள். பெரும்பாலும் அது வளைவாகத்தான் இருக்கும்.

வளைவு: புதியவர்கள் தோற்கும் இடம்

இதை நிதானமாகப் படியுங்கள். அமைப்புகளில் வண்டிகளின் முடுக்க முறை என்று ஒன்று இருக்கும். அதில் பழைய முறை, இயல்பான முறை என்று இரண்டு. நான் சொல்லும் கணக்கு இயல்பான முறைக்கு உரியது, அதை வைத்துக்கொள்ளுங்கள்.

தண்டவாளம் ஒரு முறை மடங்கினால் 45 பாகை. ஒற்றை மடக்கால் எந்த வண்டிக்கும் வேகம் குறையாது. ஒரே வண்டியின் அடியில் ஒரே நேரத்தில் இரண்டு மடக்குகள் வந்தால்தான் வரம்பு பிறக்கிறது. அந்த இரண்டு மடக்குகளுக்கு நடுவே எத்தனை பெட்டி நீளம் இருக்கிறது என்று விளையாட்டு அளக்கிறது. விளையாட்டோடு வரும் பெட்டி ஒவ்வொன்றும் அரைக் கட்ட நீளம்.

சாதாரணப் பாதையிலும் மின்பாதையிலும் கணக்கு இதுதான். நடுவே ஒரு பெட்டி நீளம் என்றால் மணிக்கு 88 கிலோமீட்டர். இரண்டு என்றால் 111. மூன்றுக்கு 132, நான்குக்கு 151, ஐந்துக்கு 168, ஆறுக்கு 183. எட்டுக்கு 207. பன்னிரண்டில் 231, அதற்குமேல் இடைவெளியை நீட்டினாலும் எண் ஏறாது. பல மடக்குகள் அடுத்தடுத்து வண்டியின் அடியில் இருந்தால் இடைவெளிகளின் சராசரியை எடுத்துக்கொள்ளும். ஆனால் அவற்றில் ஒன்று மட்டும் ஒரு பெட்டி நீளமாக இருந்தாலும் சராசரியெல்லாம் கிடையாது, 88 தான். 90 பாகை முழு மடக்கு என்றால் 61.

அக்கா மகனின் வண்டிக்கு நடந்தது இப்போது புரியும். அவன் ஆட்டத்தைத் தொடங்கியபோது இருந்தது கர்பி பால் டேங்க் என்ற சின்ன நீராவி என்ஜின். அதன் உச்ச வேகமே 64. 64-இல் ஓடும் வண்டிக்கு 88 வரம்பு இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன! 90 பாகை மடக்கில்கூட மூன்று கிலோமீட்டர்தான் குறையும், கண்ணுக்கே தெரியாது. அதனால் அவன் சுரங்கத்தைச் சுற்றி எப்படி வேண்டுமானாலும் மடக்கி மடக்கிப் பாதை போட்டான், எல்லாம் நன்றாகவே ஓடியது. 112 ஓடும் என்ஜின் வந்த அன்றுதான் அந்த வளைவுகள் கணக்குக் கேட்டன. ஆரம்பத்தில் போட்ட பாதைதான் பின்னால் வரும் என்ஜினைக் கட்டிப்போடுகிறது.

என்ன செய்வது? அவன் வளைவில் இரண்டு மடக்குகளுக்கு நடுவே ஒரு பெட்டி அளவுதான் இடம் இருந்தது. பக்கத்தில் நின்ற மரங்களை வெட்டி, வளைவை வெளிப்பக்கமாகத் தள்ளி, மூன்று பெட்டி நிற்குமளவு குறுக்குத் தண்டவாளம் போடச் சொன்னேன். 132 வரை இடம் கிடைத்துவிட்டது. ஜூபிலிக்குத் தேவை 112. அடுத்த சுற்றில் வண்டி வளைவில் இறங்கவே இல்லை. ஒரு என்ஜினின் விலையில் சிறு பங்குதான் அந்த வேலைக்கு ஆனது.

இந்த எண்களைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் எவ்வளவு பெரிய வளைவு போட வேண்டும் என்பதும் தெரியும். ஒன்றிலிருந்து நான்குக்குப் போனால் 63 கிலோமீட்டர் லாபம். எட்டிலிருந்து பன்னிரண்டுக்குப் போனால் 24 மட்டுமே, ஆனால் நிலம் அதைவிடக் கூடுதலாகத் தின்னும். என் கருத்தில் சரக்குத் தடத்துக்கு நான்கு, விரைவு வண்டித் தடத்துக்கு ஆறு போதும். முதல் நாளிலிருந்தே நான்கு விட்டுப் பழகிவிட்டால் பின்னால் இடிக்க வேண்டியிருக்காது.

வண்டியின் நீளத்தையும் சேர்த்து யோசியுங்கள். இரண்டு மடக்குகளுக்கு இடையே உள்ள தூரம் வண்டியைவிட நீளமாக இருந்தால் வண்டியின் அடியில் எப்போதும் ஒரு மடக்குதான் இருக்கும், வரம்பே வராது. அதனால் ஒரே வளைவில் குட்டை வண்டி பறக்கும், நீள வண்டி திணறும். நன்றாக ஓடிய வண்டியோடு நாலு பெட்டி கூட்டினதும் மெதுவாகிவிட்டது என்றால் பாரம் மட்டும் காரணமாக இருக்காது.

பக்கத்துப் பாதைக்கு மாறுவதுபோல் ஒரு மடக்கு இடம், அடுத்தது வலம் என்று வந்தால் விளையாட்டு சலுகை தருகிறது. வண்டியின் அடியில் இப்படி இடம் ஒன்று, வலம் ஒன்று மட்டும் இருந்து, நடுவே ஒரு பெட்டிக்குமேல் இடைவெளியும் இருந்தால் வரம்பு இல்லை. ஒட்டிப் போட்டால் அதுவும் 88.

90 பாகை மடக்கைப் பொறுத்தவரை, அமைப்புகளில் அதை வண்டிகளுக்குத் தடை செய்ய ஒரு தேர்வு இருக்கிறது. தொடங்கும்போதே போட்டுவிடுங்கள். சந்திப்புகளில் நமக்குத் தெரியாமலே அந்த மடக்கு அமைந்துவிடும். தடை இருந்தால் வண்டி அதில் நுழையாது.

பாலம், சுரங்கப்பாதை

பாலம் கட்டும்போது ஒரு பட்டியல் வரும். ஒவ்வொரு பாலத்துக்கும் பக்கத்தில் வேகமும் விலையும் இருக்கும். புதியவர்கள் விலையை மட்டும் பார்த்து மரப்பாலத்தை எடுப்பார்கள், பட்டியலிலேயே மிக மெதுவானது அதுதான். காசில்லாத ஆரம்பத்தில் சரி, வேறு வழியில்லை. ஆனால் புது என்ஜின் வாங்கும் ஒவ்வொரு முறையும் தடத்திலுள்ள பாலங்களைப் பாருங்கள். இடிக்க வேண்டியதில்லை, பழைய பாலத்தின்மேலேயே இன்னொரு பாலத்தைக் கட்டினால் மாறிவிடும். நல்ல பாலங்கள் சில காலம் போனபிறகுதான் பட்டியலில் வரும். சிலவற்றுக்கு நீள வரம்பும் உண்டு.

சுரங்கப்பாதைக்குத் தனியாக வேக வரம்பு கிடையாது, அதனுள் கிடக்கும் பாதையின் வரம்பு மட்டுமே. கட்டும் செலவு கூடுதல்தான். ஆனால் குன்றைச் சுற்றி ஐந்தாறு மடக்கு போடுவதா, குடைந்து நேராகப் போவதா என்று வந்தால் நான் குடையத்தான் சொல்வேன். இதை நம் கண்ணெதிரே செய்து காட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊருக்கு வடக்கே கோலகங்சார், பாடாங் ரெங்காஸ் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் மலை. பழைய ஒற்றைப் பாதை அந்த மலையில் வளைந்து வளைந்துதான் தைப்பிங் பக்கம் இறங்கியது. இரட்டை மின்பாதை போட்டபோது மலையைக் குடைந்து சுமார் 3.3 கிலோமீட்டருக்கு இரட்டைச் சுரங்கம் அமைத்தார்கள். இன்னும் வடக்கே புக்கிட் மேரா ஏரியை நீண்ட பாலத்தில் கடக்கிறது பாதை. இ.டி.எஸ்.-இல் பட்டர்வொர்த் போகிறவர்கள் அந்த இரண்டு இடத்தையும் கவனித்துப் பாருங்கள், விளையாட்டில் எங்கே செலவு செய்யலாம் என்பது பிடிபடும்.

ஏற்றமும் வேகத்தைத் தின்னும், ஆனால் அது வரம்பு அல்ல, என்ஜினின் சக்தியைப் பொறுத்தது. பாரம் ஏற்றிய வண்டி மேடு ஏறும்போது வேகம் குறைந்து குறைந்து 40-க்கு வந்தால் வளைவைத் திருத்திப் பயனில்லை. இன்னொரு என்ஜினைச் சேருங்கள், அல்லது மேட்டைத் தட்டையாக்குங்கள்.

ஸ்டேஷன், டிப்போ வாசல்

நிற்கப்போகும் ஸ்டேஷனுக்குள் நுழையும்போது வண்டி தானாக வேகம் குறைக்கும். டிப்போவுக்குள், அதாவது வண்டி வாங்கி விற்கும் கொட்டகைக்குள், போகும்போதும் வரும்போதும் 61-க்குமேல் ஓடாது, கடைசிப் பெட்டி வெளியே வரும்வரை. இவற்றை மாற்ற முடியாது. மற்ற வண்டிகளைப் பாதிக்காமல் பார்த்துக்கொள்ள மட்டுமே முடியும். டிப்போவை முதன்மைத் தடத்தில் நேரடியாகச் செருகாமல் பக்கத்தில் ஒரு கிளைப் பாதை போட்டு அதில் வையுங்கள்.

மோனோரயில், மேக்லெவுக்கு மாறும்போது

இவற்றின் உண்மையான பலம் வளைவில் இருக்கிறது. மேலே சொன்ன வளைவு எண்கள் மோனோரயிலில் ஒன்றரை மடங்கு, மேக்லெவில் இரண்டு மடங்கு. சாதாரணப் பாதையில் 88 தந்த அதே நெருக்கமான வளைவு மோனோரயிலில் 132, மேக்லெவில் 176 தரும்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மேக்லெவ் என்ஜின்களில் வேகமானது 643 கிலோமீட்டர் ஓடும். சாதாரணப் பாதையில் மிகப் பெரிய வளைவுக்கு 231 என்றோம். இரட்டிப்பாக்கினாலும் 460 சொச்சம்தான். ஆக, எவ்வளவு அகலமாக வளைத்தாலும் மேக்லெவை அதன் முழு வேகத்தில் திருப்ப முடியாது, ஒரே வழியைத் தவிர: மடக்குகளுக்கு இடையே வண்டியைவிட நீளமான நேர்ப்பாதை விடுவது. பழைய தடத்தின் மேலேயே மேக்லெவ் பாதையை மாற்றிப் போட்டுவிட்டு "வேகம் வரவில்லையே" என்று வருத்தப்படுகிறவர்கள் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். அந்த வேகத்துக்குப் பழைய வளைவும் பழைய பாலமும் ஈடுகொடுக்காது.

மாற்றும் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் தடத்திலுள்ள எல்லா வண்டிகளையும் டிப்போவுக்கு அனுப்பி விற்றுவிடுங்கள். வண்டி நிற்கும் கட்டத்தை அதற்கு ஒவ்வாத பாதையாக மாற்ற விளையாட்டு விடாது. அப்புறம் வளைவுகளையும் பாலங்களையும் திருத்துங்கள். அது முடிந்தபிறகு பாதை மாற்றும் கருவியால் முழுத் தடத்தையும், டிப்போ, ஸ்டேஷன் உட்பட, இழுத்து மாற்றுங்கள். விடுபட்ட கட்டம் உண்டா என்று பாருங்கள். ஒரே ஒரு வண்டி வாங்கி ஓடவிட்டு, வேக எண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று போங்கள். அந்த ஒரு வண்டி எங்கேயும் இறங்காமல் வந்துவிட்டால் மற்றவற்றுக்குப் பணத்தை எடுங்கள்.